கைப்பிடிச்சுவரும் வைப்பர் பிளேடும்



இந்த வாரச் சிந்தனையின் பொருள் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். காரின் முன் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் பிளேடைப் பற்றி எழுதப்போகிறேன். "ஐயாவுக்கு எழுத வேறொன்றும் கிடைக்கவில்லையோ?" என்று நீங்கள் புன்னகைத்தால் அதில் தவறில்லை. ஆனால் ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மழை வந்தபின் இதை எழுதிப் பயனில்லை. அத்துடன், இது நான் உங்களிடம் அறிக்கையிட வேண்டிய ஒரு காரியமாகவும் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மழைக்காலத்துக்கு முன் வைப்பர் பிளேடுகளைச் சோதித்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். வண்டி பழையது என்பது இதற்கு விலக்கு ஆகாது. இதை வண்டிப் பராமரிப்பு என்ற கணக்கில் மட்டும் எழுதிவைத்தால் போதாது. சாலையில் நடந்துபோகிற மனிதருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ற கணக்கிலும் எழுத வேண்டும். இப்படிச் சொல்ல எனக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டின் மாருதி 800. உங்களில் பலருக்கு அது பழக்கமான வண்டி. சபைக் குடும்பங்களில் அதில் ஏறாதவர்கள் குறைவு. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, நாங்குநேரிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தில் வீட்டு ஜெபக்கூட்டத்தை முடித்துக்கொண்டு, நானும் என் மனைவியும் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு எட்டு மணி இருக்கும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இடப்பக்கத்து வைப்பர் நன்றாகவே துடைத்தது. ஓட்டுநர் பக்கத்து பிளேடில் மட்டும் ரப்பரின் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. அதனால் ஒவ்வொரு வீச்சிலும் என் கண்ணுக்கு நேரே ஒரு பட்டை துடைக்கப்படாமல் நின்றது. நான் தலையைச் சற்றுத் தாழ்த்தி, அந்தப் பட்டைக்குக் கீழாகப் பார்த்து ஓட்டினேன். பல வாரங்களாக அப்படித்தான் ஓட்டியிருந்தேன், பழகிவிட்டது.

எதிரே ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் அந்த நீர்ப்பட்டையில் பட்டுச் சிதறியதும் கண்ணாடி முழுவதும் வெண்மையாயிற்று. "ஆளு! ஆளு!" என்று மனைவி கத்தினாள். நான் பிரேக்கை மிதித்தேன். சாலையோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒருவர், தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தவர், வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி சைக்கிளில் தொங்கிய பால் கேனில் இடித்ததால் தடுமாறிச் சேற்றில் விழுந்தார்.

இறங்கி ஓடினேன். அவர் தாமாகவே எழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அதற்குமேல் காயமில்லை. பால் மழைநீரோடு ஓடியது. அவர் என் வெள்ளைப் பட்டியைப் பார்த்து நான் யாரென்று அறிந்துகொண்டார். கோபமாகப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஐயா, நீங்க என்னைப் பாக்கவே இல்லையா?"

"இல்லை" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் திரும்பி, முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தார். "இது கிழிஞ்சு தொங்குதே ஐயா, மாத்தப்படாதா?" என்றார்.

என் காரின் முன் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு வசன ஸ்டிக்கர் இருக்கிறது. அது கோணலாகிவிடக் கூடாதென்று அளவுகோல் வைத்து ஒட்டியவன் நான். அதே கண்ணாடியில், அதற்கு ஒரு முழம் கீழே, கிழிந்த ரப்பரை ஆவணி மாதம் முதல் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

அவரை வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டோம். பாலுக்கான பணத்தை வாங்கிக்கொண்டார்; அதற்குமேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின் மனைவி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மழைக்கு முன்னாடி மாத்திருங்க" என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள் என்பதை இருவருமே பேசவில்லை.

ஏன் மாற்றவில்லை? இதைத்தான் நான் அறிக்கையிட வேண்டும். பணம் இல்லாமலா? அது சில நூறு ரூபாய்க் காரியம். நேரம் இல்லாமலா? அதுவும் இல்லை. ஆவணியில் சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் விசாரித்தபோது, "இந்தப் பழைய வண்டிக்கு இப்போ ஒரிஜினல் வராது ஐயா, கையோட சேர்த்து மாத்தணும், தேடிப் பாக்கணும்" என்றார் ஒருவர். அது எனக்கு வசதியாக இருந்தது. 1983இல் தொடங்கிய மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே "கிடைக்காது" என்பதை நம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், நம்பினேன் என்பதைவிட, மேலும் விசாரிக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

அடுத்த நாள் காலையில் அந்தக் கிழிந்த பிளேடைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓர் உதிரிபாகக் கடைக்குச் சென்றேன். கடைக்காரத் தம்பி அதை வாங்கி, மேசைமேல் இருந்த இரும்பு ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்தார். பிளேடின் நடுவே இருந்த பிடியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய பொட்டலங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "கொக்கி மாடல்தான் ஐயா, பாதி வண்டிக்கு இதுதான்" என்றார். அங்கேயே கடை வாசலில் மாட்டியும் கொடுத்தார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. மூன்று மாதம் நான் தள்ளிப்போட்டது அந்த ஐந்து நிமிடத்தை.

பிரியமானவர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் பலர் இந்த ஒரு காரியத்தில் தவறான எண்ணம் கொண்டிருக்கிறார்கள். வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் முத்திரையோடு வரும் பாகமே வேண்டும் என்று நினைக்கிறார்கள். வைப்பர் பிளேடு அப்படிப்பட்ட பொருள் அல்ல. அது பொது அளவுகளில் செய்யப்படும் பொருள். இரண்டு காரியங்கள் பொருந்தினால் போதும்: ஒன்று நீளம், மற்றொன்று வைப்பர் கையின் நுனியில் உள்ள பிடி. இவற்றை அறிந்தவர் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டார். "கிடைக்காது" என்ற சொல்லுக்கும் கட்டுப்பட மாட்டார். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது நீளம். பிளேடுகள் அங்குலக் கணக்கில் விற்கப்படுகின்றன; பொட்டலத்தில் மில்லிமீட்டரும் அச்சிட்டிருக்கும். 16 அங்குலம் என்பது ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். இருக்கும் பிளேடின் ரப்பரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்துகொள்ளுங்கள். இரு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும். "நீளமானதைப் போட்டால் அதிகம் துடைக்குமே" என்று எண்ணாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய பிளேடு கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் மோதும், அல்லது பக்கத்துப் பிளேடோடு இடித்துக்கொள்ளும். பழைய மோட்டாருக்கும் அது பாரம். குட்டையானதைப் போட்டால் துடைக்கப்படாத இடம் கூடும்.

இரண்டாவது பிடி. வைப்பர் கையின் நுனி பெரும்பாலான கார்களில் கைத்தடியின் பிடிபோல வளைந்திருக்கும். இதைத்தான் கடைக்காரர்கள் கொக்கி என்கிறார்கள். அதன் அகலம் பெரும்பாலும் 9 மில்லிமீட்டர். தகட்டின் தடிமன் 3 அல்லது 4 மில்லிமீட்டர். பொதுப் பிளேடுகளின் பொட்டலத்தில் சிறு பிளாஸ்டிக் இணைப்புத் துண்டுகள் சில கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெவ்வேறு நுனிகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவே அவை. தேவையற்றவை என்று வீசிவிடாதீர்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் நுனி வளையாமல் நேராக, ஒரு சிறு புடைப்போடு இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஓர் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். தாத்தா காலத்து அம்பாசிடரையோ பத்மினியையோ இன்னும் பேணி வைத்திருப்பவர்கள், பழைய பிளேடையே கையில் எடுத்துச் சென்று கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பதே நலம். விலை உயர்ந்த சட்டகமில்லாத பிளேடுகள்தாம் வேண்டும் என்பதில்லை. பழைய வண்டிக்கு, குறிப்பாகக் கண்ணாடி அதிக வளைவின்றித் தட்டையாக இருந்தால், இரும்புச் சட்டகமுள்ள சாதாரணப் பிளேடே நன்றாகப் படியும். சட்டகம் உறுதியாக இருந்து ரப்பர் மட்டும் கெட்டிருந்தால், ரப்பரை மாத்திரம் மாற்றினாலும் போதும்.

இனி மாட்டும் முறை. வைப்பர் கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். உடனே ஒரு தடித்த துண்டை மடித்துக் கண்ணாடியின்மேல் விரித்துவிடுங்கள். அந்தக் கையில் வலுவான சுருள்வில் இருக்கிறது. பிளேடு இல்லாத நேரத்தில் அது தவறிக் கீழே அடித்தால் கண்ணாடி விரிசல் காணும். சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்தபின்பே மறுபக்கத்தைத் தொடுங்கள். கழற்றாத பக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும். பிளேடின் நடுவே உள்ள சிறு நாக்கை அழுத்திக்கொண்டு, பிளேடைக் கையின் அடிப்பக்கம் நோக்கித் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். மேல்நோக்கி இழுத்து மல்லுக்கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. புதியதைக் கொக்கிக்குள் நுழைத்து மேல்நோக்கி இழுத்தால் 'டக்' என்ற ஓசை கேட்கும். ஒருமுறை அசைத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். புது ரப்பரின்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதைக் கழற்ற மறக்காதீர்கள். கழற்றாமல் ஓட்டிவிட்டு, "புதுசும் சரியில்லை" என்று குறைசொன்னவர்கள் உண்டு.

மாட்டியபின் உலர்ந்த கண்ணாடியில் ஓடவிடாதீர்கள். முதலில் கண்ணாடியைச் சோப்புநீரால் கழுவுங்கள். சாலைப் புகையின் எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் படிந்திருந்தால், எவ்வளவு நல்ல ரப்பரானாலும் இழுவிக்கொண்டுதான் போகும். பிறகு தண்ணீர் தெளித்து ஓடவிட்டுப் பாருங்கள். புதிய பிளேடும் ஒரு பகுதியைத் துடைக்காமல் விட்டால், குற்றம் கையில் இருக்கலாம். பழைய வண்டிகளில் அந்தச் சுருள்வில் துருப்பிடித்துத் தளர்ந்துபோகிறது. மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். ரப்பரில் படக் கூடாது. அதற்கும் சரிவராவிட்டால் கையையும் மாற்ற வேண்டியதுதான்.

"நான் காரை அதிகம் எடுப்பதே இல்லை, ரப்பர் எப்படித் தேயும்?" என்று ஓய்வுபெற்ற மூத்தவர்கள் கேட்கிறார்கள். ரப்பர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் கிடந்து கெடுவது அதிகம். வைப்பர் ரப்பரின் விளிம்பு மிக மெல்லிய உதடு போன்றது. பிளேடு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த உதடு மடங்கித் திரும்ப வேண்டும். அப்போதுதான் நீரை வழித்துச் செல்லும். நம் திருநெல்வேலிச் சீமையின் வெயில் உங்களுக்குத் தெரியும். தை முதல் புரட்டாசி வரை சூடேறிய கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் ரப்பர் இறுகிவிடுகிறது, வெடிக்கிறது. இறுகிய உதடு மடங்காது. தடதடவென்று துள்ளும், கோடு கோடாக நீரை விட்டுச் செல்லும். அந்தச் சத்தமே எச்சரிக்கை. வாசலில் நிற்கும் காரானாலும் ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசி முடிவுக்குள், ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ கிழிசலோ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

அந்த இரவுக்குப் பின்பு இந்தச் சிறு கருவி எப்படி வந்தது என்று வாசித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி குளிர்காலத்தில் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தபோது, டிராம் வண்டியின் கண்ணாடியில் ஈரப்பனி படிவதால் ஓட்டுநர் படும் பாட்டைக் கண்டார். வண்டிக்கு உள்ளிருந்தே ஒரு நெம்புகோலால் இயக்கும் ரப்பர் விளிம்புள்ள கை ஒன்றை வடிவமைத்து, 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். அதை விற்க முயன்றபோது வாங்குவாரில்லை. அதற்கு வணிக மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பின்பு 1917இல், அதே நாட்டின் பஃபலோ நகரில் ஜான் ஓய்ஷே என்பவர் மழையில் கார் ஓட்டிச் செல்கையில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டார். அந்த அதிர்ச்சியே அவரை வைப்பர் செய்யும் தொழிலுக்குக் கொண்டுவந்தது. டிரைகோ நிறுவனம் அவ்வாறு பிறந்தது. இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். அவருக்கு அன்று சந்தையில் தகுந்த கருவி இல்லை. எனக்கோ, அது நான் தினமும் கடந்துபோகும் கடையின் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது வேதத்துக்கு வருகிறேன். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். இல்லாவிடில், ஒருவன் விழுந்தால் அந்த வீட்டின்மேல் இரத்தப்பழி சேரும் என்பது அதன் கருத்து. அந்நாட்களில் மாடி என்பது மக்கள் புழங்கும் இடம். ராகாப் வேவுகாரரை மாடியில்தான் மறைத்துவைத்தாள். பேதுரு ஜெபிக்க ஏறியதும் மாடிக்கே. ஆகவே விழக்கூடியவர் வீட்டுக்காரர் மட்டுமல்லர், வந்துபோகிற விருந்தினரும்கூட.

இந்தக் கட்டளையில் மூன்று காரியங்களை நான் கவனிக்கிறேன். ஒன்று, யாரும் விழுவதற்கு முன்பே சுவர் நிற்க வேண்டும். இரண்டு, வீட்டுக்காரர் யாரையும் தள்ளிவிடவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் கட்டாமல் விட்டதற்கு அவர் பொறுப்பாகிறார். மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. அந்தக் கட்டளை புது வீடு கட்டுகிறவனுக்குச் சொல்லப்பட்டது. அப்படியானால் கட்டி இருபது ஆண்டுகளான வீட்டில் அந்தச் சுவர் இடிந்துபோனால் என்ன? "அன்று கட்டினேனே" என்று சொல்லி வீட்டுக்காரர் ஒதுங்க முடியுமா? என் வண்டி 2004இல் தொழிற்சாலையிலிருந்து நல்ல வைப்பரோடுதான் வந்தது. அந்தப் பால்காரரை அது காப்பாற்றவில்லை.

நம்மிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. புது வண்டி வாங்கினால் ஆயரை அழைத்து ஜெபிக்கச் சொல்கிறோம். எத்தனையோ புது வண்டிகளின்மேல் கைவைத்து நான் ஜெபித்திருக்கிறேன். இனியும் மகிழ்ச்சியோடு செய்வேன். ஆனால் பத்து ஆண்டு கழித்து ரப்பர் கிழிந்து நிற்கும் அதே வண்டிக்காக யாரும் என்னை அழைத்ததில்லை, நானும் விசாரித்ததில்லை. பிரயாணத்துக்கு முன் பாதுகாப்புக்காக ஜெபித்துவிட்டு, கிழிந்த ரப்பரோடு மழையில் இறங்குவதை விசுவாசம் என்று நாம் அழைக்கக் கூடாது. நம் கை எட்டும் தூரத்தில் உள்ள வேலையை தேவன்மேல் சுமத்துவது அது.

"ஐயா, மெதுவாக ஓட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். மழையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். நானும் அன்று வேகமாகப் போகவில்லை; அதனால்தான் அவர் சிராய்ப்போடு தப்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் காணாதவனுக்கு மெதுவான வேகமும் அதிக வேகமே. "அடுத்த ஆண்டு விற்கப்போகிற வண்டிக்கு எதற்குச் செலவு?" என்றும் கேட்கலாம். விற்கும்வரை அதை ஓட்டப்போவது நீங்கள்தானே? மற்றும், இது நம் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமும் அல்ல. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வைப்பர் நல்ல நிலையில் இயங்க வேண்டும் என்று கேட்கின்றன. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்கப்படும்போதும் வண்டி சோதிக்கப்படுகிறது. ஆனால் சோதனை நாளுக்காக மட்டும் மாற்றுகிறவர் அதிகாரிக்குப் பயப்படுகிறார். பால்காரரை நினைக்கிறவருக்குச் சோதனை நாள் தேவையில்லை.

ஒரு நியாயமான தடையும் இருக்கிறது என்பதை நான் அறிவேன். நம் சபையில் தனியாக வசிக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். கணவர் விட்டுச்சென்ற காரை ஆராதனைக்கு வர மட்டும் ஓட்டும் தாய்மார் இருக்கிறார்கள். கடைக்குப் போகவும், கொக்கியா ஊசியா என்று பார்க்கவும் அவர்களுக்குக் கூச்சம். அதை அவர்கள் குறையென்று சொல்ல மாட்டேன். அது நம் எல்லோருடைய வேலை. ஆகவே வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நான் ஆலய வளாகத்தில் ஓர் அளவு நாடாவோடு நிற்பேன். வண்டி வேலை அறிந்த வாலிபர் சிலரும் என்னோடு நிற்க இசைந்திருக்கிறார்கள். யாருடைய வண்டியானாலும் ரப்பரைப் பார்த்து, நீளத்தையும் பிடியையும் ஒரு சீட்டில் எழுதித் தருவோம். அதைக் கடையில் காட்டினால் போதும். வாங்கிவந்து தந்தால் அடுத்த ஞாயிறு மாட்டியும் கொடுப்போம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். வேனில் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் ஓட்டுநர் அண்ணன்மாரிடம் இதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பால்காரரைச் சில வாரங்களுக்கு முன் அதே சாலையில் மறுபடியும் கண்டேன். வண்டியை நிறுத்தி நலம் விசாரித்தேன். அவர் என்னோடு பேசிக்கொண்டே கண்ணாடியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். "மாத்திட்டீங்களா ஐயா?" என்றார். "மாற்றிவிட்டேன்" என்றேன். "நல்லது" என்று சொல்லிச் சைக்கிளை ஏறி மிதித்தார்.

அவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியை உங்களில் யாரும் எந்த மழை இரவிலும் கேட்க நேராதிருக்கட்டும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நீங்களும் உங்கள் பங்கைச் செய்யுங்கள்.

உங்கள் ஊழியன்